மேஸ்திரி மென்ற வெற்றிலை

போன மாதம் ஒரு சொந்த வேலையாகச் சேலம் கோர்ட்டுப் பக்கம் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா ஒருவர் நான் பழைய கோர்ட்டுச் சேவகன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். இலாகா பரீட்சைக்குப் படிக்கிறாராம், கையில் தடித்த சட்டப் புத்தகம்.

"ஏனுங்க பெரியவரே, நீங்க ஏற்காட்டுல டவாலியா இருந்த காலத்துல, கூலியாளு வேலையை உட்டுப்போட்டுப் போனா ஜெயிலுன்னு ஒரு சட்டம் இருந்துச்சாமே? நெசமுங்களா? இதுல ரெண்டே வரிதான் போட்டிருக்குது."

நெசம்தான் கண்ணு என்றேன். உடனே வேறொரு பக்கத்தைப் புரட்டி, சட்டக் கடமை என்பதற்கு அர்த்தம் படித்துக் காட்டினார். ஒருவன் செய்தே தீர வேண்டியது, தவறினால் சட்டம் அவனைப் பிடிக்கும் என்கிற மாதிரி எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டம் எங்கே போய்ப் பிடித்தது? தோளில் டவாலிப் பட்டையை மாட்டிக்கொண்டு நானல்லவா போய்ப் பிடித்தேன்.

அந்தப் பிள்ளையிடம் எனக்கு அப்போது சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. அப்பா பெரிய தோட்டம் ஒன்றில் காப்பிப் பழம் பறித்தவர். யாரோ சொல்லி என்னைக் கோர்ட்டில் தண்ணீர் எடுக்கச் சேர்த்துவிட்டார்கள். எழுத்துக் கற்றதே சம்மன் காகிதங்களில்தான். 'ஆஜராகவும்' என்பதுதான் நான் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த சொல். பிறகு பட்டை கொடுத்தார்கள். பெயரை மூன்று தரம் கூப்பிடுவது, சத்தியம் செய்து வைப்பது, சம்மனை உரியவர் கையில் சார்பு செய்வது, வாரண்டு கொண்டுபோவது, இவ்வளவுதான் என் உத்தியோகம்.

காகிதம் கொண்டுபோகிற வேலையில் ஒரு லாபம் உண்டு. அந்த நேரத்தில் மனிதர்கள் வாயில் வருகிற பேச்சு வேறெங்கும் கிடைக்காது. கொட்டச்சேட்டில் ஒரு விவசாயி சம்மனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னைத் தேடி வந்த அளவுக்கு எம் மாமனாரு தேடி வந்ததில்லீங்க" என்றார். வாழவந்தியில் ஒரு அம்மா, "குடுக்கறதுதான் குடுக்கற, நல்ல சேதியா ஒண்ணு எழுதியாந்து குடுக்கக் கூடாதா சாமி?" என்று கேட்டுவிட்டுக் குடிக்க மோர் கொடுத்தார். இந்தப் பேச்சுகளையெல்லாம் இன்னும் மனசில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது சிரிப்புக் கதை அல்ல.

அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த விதத்தை முதலில் சொல்ல வேண்டும். மேஸ்திரி மலையை விட்டு இறங்கிச் சமவெளி ஊர்களுக்குப் போவார். வருகிறேன் என்கிறவனுக்கு எல்லார் முன்னாலும் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் முன்பணமும் வைத்துக் கொடுப்பார். அவன் அந்த வெற்றிலையை அங்கேயே மென்றால் வார்த்தை கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு மலைமேல் ஏறி, தோட்டத்து ஆபீசில் ரைட்டர் நீட்டுகிற கரார்ப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பார்கள். ஜனங்களுக்கு அந்தக் கைநாட்டு ஒரு பொருட்டே இல்லை. ஏதோ ஊருக்குள் நுழைய மை தடவுகிறார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒப்பந்தம் என்றால் அது வெற்றிலைதான்.

போட்ட மாதிரியே அதை அவிழ்க்கவும் ஒரு முறை இருந்தது. தவிர்க்க முடியாத காரணத்தால் போகிறவன், கூலிகள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டு வாசலில் எல்லார் முன்னாலும் அதே மாதிரி தட்டு வைத்து மேஸ்திரிக்கு வெற்றிலையைத் திருப்பிக் கொடுப்பான். மேஸ்திரி அதை எடுத்து மடியில் செருகினால் பேச்சு இன்னும் பாக்கி என்று அர்த்தம். வாயில் போட்டு மென்றால் தீர்ந்தது, போகலாம். அப்புறம் அவனை யாரும் ஓடிப்போனவன் என்று சொல்ல மாட்டார்கள். தோட்டங்களில் இது எத்தனை தலைமுறையாக நடந்ததோ, துரைமார்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எங்கள் மாஜிஸ்திரேட் ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்கே ஆற்றுப் பாசன ஊர்க்காரர். குளிர் ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் கழுத்தில் ஒரு மப்ளர். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் யாராக இருந்தாலும் 'நீங்க' என்பார். 'டேய்' என்று கூப்பிட்டுப் பழகிய போலீஸ்காரர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். தண்டனை சொல்லும் முன் அது எந்தச் சட்டம், என்ன சொல்கிறது என்பதைத் தமிழில் நிதானமாக எடுத்துச் சொல்லுவார். "என்னத்துக்காக உள்ளே போறோம்னு தெரியாம ஒருத்தர் உள்ளே போகக் கூடாது" என்பது அவர் பேச்சு. மரியாதையாகச் சொல்லிவிட்டு மரியாதையாகவே ஜெயிலுக்கு அனுப்புவார். சட்டத்தைத் தாண்டி ஒரு நூல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று, கோர்ட்டு வேலையாட்கள் வெற்றிலை போடக் கூடாது. ஒரு தரம் என் வாய் சிவந்திருந்ததைப் பார்த்து, "சத்தியம் செய்து வைக்கிற வாய். போய்க் கொப்பளிச்சுட்டு வாங்க" என்று எல்லார் முன்னாலும் அனுப்பிவிட்டார். அன்றோடு பட்டை போட்டிருக்கும்போது நான் வெற்றிலையைத் தொடுவதில்லை.

இனி சடையன் விஷயத்துக்கு வருகிறேன்.

வாழவந்திப் பக்கம் ஒரு பெரிய தோட்டம். அங்கிருந்து ஒரு பிராது வந்தது. சடையன் என்கிற கூலியாள் கரார்க் காலம் முடியும் முன்னே வேலையை விட்டு ஓடிவிட்டான், பிடித்து வரவேண்டும் என்று. வாரண்டு என் கைக்கு வந்தது. ஆள் எங்கே என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. கேட்ட முதல் ஆளே, "அடிவாரத்துல அவம் பொண்டாட்டியோட அக்கா ஊட்டுல இருக்கறானுங்க" என்று சொல்லிவிட்டார். ஒளிந்திருப்பவனின் விலாசம் இப்படியா கிடைக்கும்?

கான்ஸ்டபிள் கந்தசாமியும் நானும் இறங்கிப் போனோம். சடையன் ஒரு கிண்ணத்தில் கஞ்சியை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார். பாயில் அவர் மனைவி நல்லம்மா. மலைக்காய்ச்சல். கம்பளிக்குமேல் கம்பளி போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் மருந்து தீர்ந்து போய், வரும் வரும் என்று சொல்லி வராமலே போனதால், முதுகில் சுமந்து மலையிறங்கிக் கொண்டுவந்திருக்கிறார். வாரண்டைக் காட்டினேன். அவர் முகத்தில் பயமே இல்லை.

"ஏனுங்க, நான் வெத்தலையைத் திருப்பிக் குடுத்துப்போட்டுத்தானுங்க வந்தேன். பட்டப்பகல்ல, லைனே பாத்துது. மேஸ்திரி மென்னுட்டாருங்களே, பொறவென்னத்துக்குங்க காகிதம்?"

"அதை அங்க வந்து சொல்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் மனைவி பக்கம் குனிந்து, "ஏ புள்ள, ஏதோ தப்பா எழுதிப்போட்டாங்களாட்டம் இருக்குது. போயிச் சரி பண்ணிப்போட்டு வெரசா வந்தர்றேன்" என்றார். அவள் கண்ணைத் திறந்து, "மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லு மாமா" என்றாள். சடையன் கஞ்சிக் கிண்ணத்தை அக்காள் கையில் கொடுத்துவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். மலை ஏறும்போது இரண்டு தரம் நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். அவ்வளவு அவசரம், சீக்கிரம் திரும்ப வேண்டுமே என்று.

அந்த மேஸ்திரி பெயர் பெரியண்ணன். பேருக்கேற்ற உடம்பு, உடம்புக்கேற்ற குரல். "நான் கூட்டியாந்த ஆளுன்னா, அவம் பொண்டாட்டி வயித்துவலி வரைக்கும் எம் பொறுப்புங்க" என்று சந்தையில் சொல்லிக்கொண்டு திரிவார். விசாரணை அன்று காலையில் கோர்ட்டுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் தோட்டத்து ரைட்டர் அவரை ஒதுக்கிக்கொண்டு போய்ப் பேசினார். நான் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அந்த வழியாகப் போனேன், காதில் விழுந்தது.

"மடியில வெச்சேன்னு சொல்லிருங்க. தொரைக்கு வெத்தலைக் கதையெல்லாம் பிடிக்காது. உங்க மேஸ்திரி வேலையைப் பாத்துக்குங்க."

"ஏனுங்க ரைட்டரே, மென்னதை எப்படீங்க மடியில வெக்கறது?"

"விளையாடாதீங்க."

"நானுங்களா வெளையாடறேன்?"

 கூப்பிடுகிற வரைக்கும் பெரியண்ணன் மரத்தைப் பார்த்தபடியே நின்றார்.

கோர்ட்டு கூடியது. தோட்டத்துத் துரைக்கு நாற்காலி போட்டிருந்தது. லைன் ஜனங்கள் வெளியே ஜன்னலோரம் நின்றார்கள். ரைட்டர் கராரைத் தாக்கல் செய்தார். கைநாட்டு உங்களுடையதுதானா என்று ஐயா கேட்டார். ஆமாங்க, ஆனா வெத்தலையைத் திருப்பிக் குடுத்துட்டனுங்க, மேஸ்திரியைக் கேளுங்க என்றார் சடையன். பிறகு மேஸ்திரியை மூன்று தரம் கூப்பிட்டேன். சத்தியம் செய்து வைத்தேன்.

"சடையன் உங்ககிட்ட வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தாரா?"

"குடுத்தானுங்க."

"நீங்க அதை என்ன செஞ்சீங்க?"

ரைட்டர் தொண்டையைக் கனைத்தார். ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை அழுதது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். பெரியண்ணன் துரையைப் பார்க்கவில்லை, சடையனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மென்னுட்டேனுங்க."

ஜன்னல் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. சடையன் சிரித்தார். எல்லாம் முடிந்தது, கிளம்பலாம் என்று அவருக்கு. இடுப்புத் துண்டை உதறித் தோளில்கூடப் போட்டுக்கொண்டார்.

"ஏன் மென்னீங்க?" என்றார் ஐயா.

"அந்தப் புள்ள நடுங்குன நடுக்கத்துல லைன் வீட்டுக் கதவே ஆடுச்சுங்க. மருந்துமில்லை. மெல்லாம என்னங்க பண்றது?"

"அவரை விடுவிக்கிற அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தாங்க?"

"கூப்படறதுக்கு யாரு குடுத்தாங்களோ அவிகதானுங்க."

"ஆள் சேர்க்கத் தோட்டம் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கு. விடுவிக்க எழுதிக் கொடுக்கலை."

பெரியண்ணன் ஐயாவை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் பாதி மேஸ்திரிங்களா?" என்றார். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. அவர் சடையன் பக்கம் திரும்பி, வழக்கம்போல எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். ஒப்பந்தம் உங்களுக்கும் தோட்டத்து முதலாளிக்கும் நடுவில். அதை அவர்தான் அவிழ்க்க முடியும். வெற்றிலையைச் சட்டம் அறியாது. வேலை செய்கிறேன் என்று கையொப்பம் வைத்தவருக்கு அந்த வேலையை முடிப்பது கடமை. தவறினால் தண்டனை.

சடையன் துண்டைத் தோளிலிருந்து மெல்ல எடுத்தார்.

"சாமி, எனக்குக் கடமைங்கறீங்க, சரிங்க. ஊடு குடுப்போம், மருந்து குடுப்போம்னு அவிகளும்தானுங்க சொன்னாங்க. அது அவிகளுக்குக் கடமையில்லீங்களா?"

"கடமைதான்."

"அவிக தவறுனா?"

"சேலத்துல சிவில் கோர்ட்டுல நீங்க வழக்குப் போடலாம். நஷ்டஈடு கேட்கலாம்."

"அது முடியற வரைக்கும்?"

"வேலைக்குப் போகணும்."

"நாந் தவறுனா என்னைப் புடிச்சுட்டு வர்றாங்க. அவிக தவறுனா நானே போயிக் கேக்கோணும்."

"ஆமா" என்றார் ஐயா. அந்த 'ஆமா'வைச் சொல்லும்போது அவர் கை மப்ளர் முடிச்சைத் தேடியது.

"சரிங்க. தெரிஞ்சுக்கலாமுன்னுதானுங்க கேட்டேன்."

அந்தச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் திரும்ப வேலைக்குப் போகிறேன் என்று ஒப்புக்கொண்டால், போ என்று ஒரு உத்தரவு போட்டு வழக்கை முடித்துவிடலாம். ஜெயில் இல்லை. ஐயா அதைச் சொன்ன விதத்தில் கெஞ்சல்கூட இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. "போறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் உங்களை உள்ளே அனுப்ப வேண்டியிருக்காது."

"சொல்றனுங்க. அவளுக்குக் காய்ச்சல் எறங்கற வரைக்கும் பக்கத்துல இருந்துபோட்டு வரட்டுங்களா?"

ஐயா துரையைப் பார்த்தார். ரைட்டர் குனிந்து துரையிடம் பேசினார். துரை தலையசைத்தார், இல்லை என்று. பறிப்புக் காலம். ஒருவனை விட்டால் லைனில் எல்லாருடைய மனைவிக்கும் காய்ச்சல் வந்துவிடும் என்று அவர் சொன்னதாக ரைட்டர் தமிழில் சொன்னார். கோர்ட்டிலிருந்து நேரே லைனுக்குத்தான் போக வேண்டும், மேஸ்திரி கூடவே போக வேண்டும்.

சடையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். கோர்ட்டில் அப்படிச் சேவகனிடம் பேசக் கூடாது. ஆனால் ஐயா தடுக்கவில்லை.

"ஏனுங்க, சேலம் ஜெயிலுக்கு எந்த வழியாக் கூட்டிட்டுப் போவீங்க?"

"வேற ஏது வழி? மலையிறங்கி, அடிவாரத்து வழிதான்" என்றேன்.

அவர் ஐயாவைக் கும்பிட்டார். "அப்ப ஜெயிலுக்கே போறனுங்க சாமி."

 ஐயா தண்டனையை எழுதினார். நான் ஜெயில் வாரண்டை வாங்கிக்கொள்ளப் போனபோது, ஐயா மையை ஒற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "மலை இறங்கினா தாகம் எடுக்கும். வழியில தண்ணி குடிக்கிறதைச் சட்டம் தடுக்கலை. எவ்வளவு நேரம் குடிக்கணும்னும் அதுல எழுதலை."

பழைய மலைப்பாதையில் மூவரும் இறங்கினோம். ஐயா சொன்னதை வழியிலேயே கந்தசாமி காதில் போட்டேன். அடிவாரம் வந்ததும் அவர், "எனக்கு நொம்பத் தாகமா இருக்குது" என்று சொல்லி, விலங்குச் சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் விலங்கைக் கழற்றினேன். அந்த வீட்டு வாசற்படியில் நின்றேன். உள்ளே பேசியது கேட்கத்தான் செய்தது.

"வந்துட்டியா மாமா?"

"வந்துட்டேன் புள்ள."

"காகிதம்?"

"தப்பா எழுதிப்போட்டாங்களாம். சரி பண்ணியாச்சு."

"மேஸ்திரி சொன்னாரா?"

"அத்தனை பேருக்கு முன்னால சொன்னாரு. மென்னுட்டேன்னு."

"அப்ப முடிஞ்சுது."

"முடிஞ்சுது."

"இனி மலைக்குப் போக வேண்டாமல்ல?"

"வேண்டாம் புள்ள. நீ இந்தக் கஞ்சியைக் குடி."

குடித்தாளா என்று தெரியாது.  கந்தசாமி கிணற்றடியில் குடத்தைக் கழுவினார், மறுபடி கழுவினார், யாருடைய குடமோ தெரியாது. கடைசியில் சடையன், சேலத்தில் ஒரு சோலி இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்று சொல்வது கேட்டது. அவள், "துண்டை எடுத்துக்க, வெயிலு" என்றாள்.

அவர் வெளியே வந்தார். நான் சாவியோடும் விலங்கோடும் தயங்கி நின்றேன். அவரே இரண்டு கையையும் நீட்டினார். மாட்டியதும் அந்தத் துண்டை மேலே போட்டு மூடச் சொன்னார், வாசலுக்கு நேராகத்தான் பாய் கிடந்தது. "போலாமுங்க" என்றார். சேலம் போய்ச் சேரும் வரைக்கும் அந்தத் துண்டு விலகவில்லை.

நல்லம்மா அந்த வாரம் தாண்டவில்லை. ஜெயிலில் இருப்பவருக்கு யார் போய்ச் சொல்வது? சம்மனும் இல்லை, வாரண்டும் இல்லை. அந்தச் செய்தியைக் கொண்டுபோகிற கடமை என்னுடையதும் அல்ல, போலீசுடையதும் அல்ல, தோட்டத்துடையதும் அல்ல. பெரியண்ணன்தான் போனார். அதற்குள் அவருக்குத் தோட்டத்தில் சீட்டைக் கிழித்தாயிற்று. லைன் வீட்டையும் காலி செய்தாயிற்று. சட்டி பானையைச் சாக்கில் கட்டி எங்கோ வைத்துவிட்டு, நேராகச் சேலம் ஜெயில் வாசலில் போய் நின்றாராம். அடுத்த பருவத்தில் வேறொரு மேஸ்திரி சமவெளிக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். வெற்றிலை மெல்ல ஆளில்லை. "கோர்ட்டுக்கே தெரியாத வெத்தலை எங்களுக்கு என்னத்துக்குங்க?" என்றார்களாம். அந்தச் சட்டம் ரத்தானது வெகு காலம் கழித்து. அதை நான் ஒரு சுற்றறிக்கையில் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

குமாஸ்தாப் பிள்ளைக்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

தண்டனைக் காலம் முடிந்து சடையன் ஒருநாள் கோர்ட்டுக்கு வந்தார். நான் பட்டையோடு வாசலில் நின்றிருந்தேன். பாதியாக இளைத்திருந்தார். "ஏனுங்க, இப்ப நான் யாருக்காச்சும் கடமைப்பட்டிருக்கறனா? கேட்டுச் சொல்லுங்க" என்றார். உள்ளே போய்க் கேட்டேன். ஐயா வழக்குக் கட்டை எடுக்கச் சொல்லி, ஆதியோடந்தமாகப் படித்துவிட்டு, "யாருக்கும் இல்லைன்னு சொல்லுங்க" என்றார். வந்து சொன்னேன்.

சடையன் மடியை அவிழ்த்து ஒரு வெற்றிலையும் பாக்கும் எடுத்தார். தட்டு இல்லாததால் அந்தத் துண்டை விரித்து அதன்மேல் வைத்து நீட்டினார். "அப்படீன்னா மெல்லுங்க" என்றார்.

நான் மென்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அடிவாரத்துப் பாதையில் இறங்கிப் போனார்.

உள்ளிருந்து மணி அடித்தது. வெற்றிலை வாயோடு போய் நின்றேன். ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

"வாயில என்ன?"

"வெத்தலைங்க."

"யாருது?"

"சடையனோடதுங்க."

 அவர் குனிந்து எழுதத் தொடங்கினார்.

"பாதியில துப்பிடாதீங்க" என்றார். "முழுசா மென்னு முடிங்க. அப்புறம் அடுத்த வழக்கைக் கூப்பிடலாம்."